பசிப்பட்டை

வயிறு முட்டப் புரோட்டா தின்றுவிட்டு லாரியில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே செங்கோட்டுவேலுக்குப் பசித்தது. சாதாரணப் பசியில்லை. அடிவயிற்றைப் பிடித்துக் கீழே இழுக்கிற பசி. வாளையாறு தாண்டி வண்டி கேரளத்துக்குள் நுழைந்திருந்தது. பின்னால் அட்டை அட்டையாக அடுக்கிய முட்டைகள், கொச்சிக்குப் போய்ச் சேர வேண்டியவை. இடது கையால் வயிற்றைத் தடவிப் பார்த்தான். திம்மென்றிருந்தது. இதென்ன கூத்து என்று குழம்பியவனுக்கு, காதுக்குப் பின்னால் குறுகுறுவென்று ஊறியதும்தான் விஷயம் பிடிபட்டது.

பசி அவனுடையது இல்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் அவன் மகள் மிதுனாவுடையது. அவளுக்கு வயது ஒன்றேகால்.

வண்டியை ஓரங்கட்டி மனைவிக்குப் போன் போட்டான்.

"எங்க இருக்கிற வளரு? புள்ளைக்குப் பசிக்குது!"

"பண்ணையிலீங்க. மிதுவை ஆறாயி அக்காகிட்ட உட்டுட்டு வந்திருக்கறன்." வளர்மதியின் குரலுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சல். "ஏனுங்க, அந்தப் பட்டை நெசமாவே வேலை செய்யுதுங்களா?"

"செய்யுதாவா? எனக்கு உசுரு போவுது. போயி முதல்ல சோத்தை ஊட்டு."

"இப்ப உட மாட்டாங்க. முட்டை பொறுக்கி முடிக்கோணும். பொழுதோட போயி..."

"பெத்த புள்ளையைப் பட்டினி போட்டுட்டு அப்பிடி என்ன முட்டை பொறுக்கறது?"

கோழிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. அவன் வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் பசி சட்டென்று அமுங்கியது. அப்பாடா என்று வண்டியை எடுத்தான். பாலக்காடு வருவதற்குள் மறுபடியும் பிடித்துக்கொண்டது, முன்னைவிட மோசமாக. பிற்பாடுதான் தெரிந்தது, பக்கத்து வீட்டு ஆறாயி அக்கா குழந்தையின் அழுகையை நிறுத்த டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுப்பாள் என்பது. மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவள், நல்லவள்தான். டீயும் பிஸ்கட்டும் பசியை ஏமாற்றும், உடம்பை வளர்க்காது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பட்டை வந்த கதை இதுதான். அங்கன்வாடி டீச்சர் சாந்தாமணி மாதாமாதம் மிதுனாவை எடைபோட்டுவந்தாள். பிறந்தபோதே எடை குறைவு. வளர்மதிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம், மறு வருஷமே பிள்ளை. அதற்கப்புறமும் தராசு முள் ஏற மறுத்தது. சத்துமாவு கொடுத்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். குழந்தையின் கை மட்டும் குச்சியாகவே இருந்தது. ஒருநாள் சாந்தாமணி தன்னோடு இர்ஃபானா என்ற இளம் டாக்டரைக் கூட்டிவந்தாள். ஓர் ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்தவர். செங்கோட்டுவேல் அன்றைக்கு வீட்டில் இருந்தான்.

டாக்டர் பையிலிருந்து கட்டைவிரல் நகமளவில் இரண்டு பட்டைகளை எடுத்தார்.

"ஒண்ணு குழந்தை வயித்துல ஒட்டறது. வயிறு மூளைக்கு அனுப்பற சேதியை இது ஒட்டுக்கேட்டு, போன் வழியா இன்னொண்ணுக்கு அனுப்பும். அந்த இன்னொண்ணு உங்க காதுக்குப் பின்னால. குழந்தைக்குப் பசிச்சா உங்களுக்கும் பசிக்கும். அவ்வளவுதான்."

"எனக்கெதுக்குங்க? அவ அம்மாளுக்கு ஒட்டுங்க."

"அவங்களுக்குப் பட்டை இல்லாமலே தெரியும் சார். வேலைக்குப் போறதா வேண்டாமா, வீட்டுக்கு என்ன வாங்கறது, உடம்பு சரியில்லைன்னா எப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறது, இதையெல்லாம் இந்த வீட்ல முடிவு பண்றது யாரு?"

"நான்தான்" என்றான் செங்கோட்டுவேல். அதிலென்ன சந்தேகம் என்கிற தோரணையில்.

"நாங்க பார்த்த பெரும்பாலான வீட்ல அப்படித்தான். ஆனா அந்த முடிவெடுக்கறவருக்குக் குழந்தையோட பசி எட்டறதே இல்லை. எட்ட வச்சா என்ன ஆகும்னு பார்க்கறோம்."

அவன் சிரித்துக்கொண்டே காதைக் காட்டினான். தன் மகளின் பசி தனக்குத் தெரியாதா என்ன என்கிற நினைப்பு அவனுக்கு.

தெரியவில்லை என்பது போகப்போகப் புரிந்தது. அந்தச் சின்ன உடம்புக்குள் எவ்வளவு பெரிய பசி! ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் நெளிந்தான். தாங்க முடியாதபோதெல்லாம் போன் போட்டு வளர்மதியைத் திட்டினான். பண்ணையில் இருந்தால் ஏன் பண்ணையில் இருக்கிறாய் என்று கேட்டான். வீட்டில் இருந்தால் ஏன் இன்னும் ஊட்டவில்லை என்று கேட்டான். போன் ஒலித்தாலே வளர்மதி எடுக்கத் தயங்க ஆரம்பித்தாள்.

சாந்தாமணி காதுக்கு இது போனது. அவளே அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீங்க வையறதுக்கா இதை ஒட்டிவெச்சோம்? பக்கத்து ஊர்ல ஒருத்தன் பசி பொறுக்காம பொண்டாட்டியை அடிச்சுட்டான். பட்டையைப் புடுங்கிட்டு வந்துட்டோம். இந்தக் கொடுமைக்கு இது இல்லாமலே இருந்திருக்கலாம்னு டாக்டரம்மா ஒரே அழுகை."

"நான் அடிக்கறவன் இல்லீங்க டீச்சரக்கா."

"அடிக்கறது கையில மட்டுந்தானுங்களா தம்பி?"

அவனுக்குச் சுருக்கென்றது. அடுத்த தடவை பசி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டிலிருந்த வளர்மதியிடம், "மிது காதுல போனை வெய்யி" என்றான். "என்ற தங்கத்துக்குப் பசிக்குதா? அப்பன் இருக்கறன் சாமி. செத்த இரு, இப்பவே ஊட்டச் சொல்றன்." குழந்தை அப்பன் குரல் கேட்டுக் கெக்கலித்துச் சிரித்தது. திட்டுவதைவிட இது அவனுக்கும் இதமாக இருந்தது. ஆறாயி அக்காவிடமும் பேசினான். பிஸ்கட்டை நிறுத்தி, பருப்புச் சோறு பிசைந்து ஊட்டச் சொன்னான். பழக்கம் உடனே மாறுமா? பாதி நாள் ஊட்டினாள், பாதி நாள் மறந்தாள்.

அப்புறம் ஒருமுறை திருவனந்தபுரம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். போகும்போது பசித்தது. வரும்போது பசிக்கவே இல்லை. காலையில் இல்லை, மத்தியானமும் இல்லை. அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மகள் வயிறார உண்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். நாகர்கோவில் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, இந்த நல்ல சேதியைச் சொல்லச் சாந்தாமணியைக் கூப்பிட்டான்.

"டீச்சரக்கா, எம்புள்ளை தேறிட்டா. பசியே இல்லீங்க!"

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"எப்பயிருந்துங்க தம்பி?"

"நேத்தைக்கிருந்து."

"சுத்தமாவே இல்லீங்களா?"

"சுத்தமா இல்லீங்."

"போனை வெய்ங்க. நான் வீட்டுக்கு ஓடறன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது மிதுனா பாயில் துவண்டு கிடந்தாள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. தெருக்குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது, அதையே எல்லாரும் குடித்தார்கள். வளர்மதி பண்ணையில் விடுப்புக் கேட்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காத்திருந்திருக்கிறாள். போன் பண்ணிக் கேட்க அவளுக்குப் பயம். குழந்தை சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அழக்கூட இல்லை. சாந்தாமணி அதை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் பண்ணையிலிருந்து வந்திருந்த வளர்மதியை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

செங்கோட்டுவேல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மகள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக. வளர்மதி கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு அவனுக்குத் திட்டுவதற்கு நாக்கு எழவில்லை.

டாக்டர் இர்ஃபானாவும் வந்திருந்தார்.

"பசிக்கலையேன்னு நான் சந்தோசப்பட்டனுங்க டாக்டர்" என்றான்.

"ரொம்ப மெலிஞ்ச குழந்தைக்கு நோயும் வந்தா பசி நின்னுடும் சார். வயிறு நிறைஞ்சதால இல்ல. உடம்பு கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போயிடுது. இருக்கற கொஞ்சநஞ்சத்தை வச்சு உயிரை மட்டும் காப்பாத்திக்கப் பார்க்குது. பசி இல்லைன்னா கவலைப்படணும்னு நான் முதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை."

"இப்ப என்னங்க பண்றது?"

"மருந்து போகுது, பால் போகுது. இனி அது திரும்ப வரணும். வந்துட்டா குழந்தை பிழைச்சுக்கும்."

அவன் வராந்தாவில் காத்திருந்தான். வாழ்நாளில் எதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. பசி வருகிறதா, பசி வருகிறதா என்று தன் வயிற்றையே கவனித்துக்கொண்டு ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த நர்சுகள், ஏதோ வயிற்றுக்கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். சொந்தப் பசி குழப்பக்கூடாது என்று வேளாவேளைக்கு இட்லி வாங்கித் தின்றான். ஒரு நாள் போனது. இன்னொரு நாளும் போனது.

மூன்றாம் நாள் முற்பகலில், வெயில் வராந்தாவின் பாதிவரை வந்திருந்தபோது, அடிவயிற்றில் என்னவோ நெளிந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் நெளிந்தது. பிறகு இழுத்தது. நன்றாக, அழுத்தமாக, அடம்பிடிக்கிற மாதிரி இழுத்தது.

"பசிக்குது!" என்று கத்திக்கொண்டு வார்டுக்குள் ஓடினான். "வளரு, பசிக்குது! டாக்டர், எம்புள்ளைக்குப் பசிக்குதுங்க!"

கட்டிலில் மிதுனா வாயைக் கோணி, சன்னமாக அழ ஆரம்பித்திருந்தாள். வளர்மதி சங்கில் பாலை எடுத்து உதட்டில் வைத்தாள். குழந்தை சப்பியது. செங்கோட்டுவேல் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான், சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவர்களும் சிரித்தார்கள்.

வீடு திரும்பியபின் அவன் வேறு ஆளானான் என்று சொன்னால் அது மிகை. ஆனால் சிலது மாறியது. தொலைதூர லோடை விட்டு, ஈரோடு, கரூர் என்று பக்கத்து ஓட்டங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் யாரும் தொடக்கூடாது என்றான். வாரத்துக்கு ஒருமுறை அவன் வந்தால் அவன் தட்டில் இரண்டு முட்டை விழும். அது அந்த வீட்டு வழக்கம். லாரி லாரியாக முட்டை ஏற்றுகிறவன், அதே முட்டை மகளின் வாய்க்கு எத்தனை தடவை போயிருக்கும் என்று அதுவரை யோசித்ததில்லை. இப்போது முதல் முட்டை மிதுனாவுக்கு என்றான்.

பசி வந்தால் வழக்கம்போலப் போன் போட்டான். "என்ற தங்கத்துக்குப் பசிக்குதா? அப்பன் இருக்கறன் சாமி." முன்னைவிட இப்போது பசி நீளமாக இருந்தது. காலையில் பிடித்தால் பிற்பகல்வரை விடாது. மகளுக்கு அகோரப் பசி, ஆஸ்பத்திரியில் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறாள் என்று மற்ற டிரைவர்களிடம் பெருமையடித்தான். சாந்தாமணியின் தராசும் அவனுக்கு ஒத்துப் பேசியது. முள் ஏறிக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிதுனாவை மடியில் வைத்து அவனே ஊட்டினான். குழைந்த சோறு, பருப்பு, மசித்த முட்டை. இரண்டு கையாலும் தட்டை அளைந்துகொண்டு, மூக்கிலும் கன்னத்திலும் அப்பிக்கொண்டு அவள் தின்றாள். போதும் என்று தலையை ஆட்டினாள். இன்னொரு வாய் வைத்ததும் துப்பினாள். ஏப்பம் விட்டாள். அவன் மார்பில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

அவன் வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவனும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தான். காலையில் தொடங்கிய அந்தப் பசி இன்னும் அப்படியே இருந்தது.

பட்டை கெட்டுப்போயிற்றோ என்று மகளின் கவுனைத் தூக்கிப் பார்த்தான். தொப்பை மினுமினுத்தது. பட்டை இருந்த இடத்தில் ஆறிப்போன சொறியின் தடம் மட்டும் இருந்தது. பட்டையைக் காணோம்.

அவன் தலையை நிமிர்த்தினான். அடுக்களையில் வளர்மதி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் தின்ற தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் சாப்பிடவில்லை.

"வளரு."

"என்னங்க?"

"பட்டை எங்க?"

குழாயை மூடினாள். திரும்பவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆஸ்பத்திரியில மிதுவுக்குச் சொறி வந்துதுங்க. நர்சம்மா கழட்டிக் கையில குடுத்தாங்க, ஆறுனப்பறம் ஒட்டிக்கச் சொல்லி. தோல்ல இல்லாட்டி அது செத்துப்போயிரும்னாங்க. அதனால..."

"உன்ற வயித்துல ஒட்டிட்டயா?"

"ஒரு நாளைக்குன்னுதானுங்க ஒட்டுனேன். அன்னைக்கு மத்தியானம் நீங்க போன் பண்ணுனீங்க. மிது தூங்கிட்டிருந்தா. என்ற தங்கத்துக்குப் பசிக்குதான்னீங்க. அப்பன் இருக்கறன்னீங்க." கழுவிய தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "எனக்குத்தானுங்க பசிச்சிட்டிருந்துது. பொறந்ததுல இருந்து யாரும் என்னை அப்பிடிக் கேட்டதில்லீங்க. அப்பறம் கழட்ட மனசு வரலை. புள்ளையை டீச்சர் வாராவாரம் பாக்கறாங்க, அவ தேறிட்டான்னு தெரிஞ்சுதான் செஞ்சேன். இருந்தாலும் தப்புத்தானுங்க."

செங்கோட்டுவேலுக்கு உறைத்தது. இத்தனை வாரமாக ஈரோட்டுக்கும் கரூருக்கும் தன்னோடு லாரியில் வந்த பசி இவளுடையது. கோழிப்பண்ணையில் குனிந்து நிமிர்ந்தபோதும், வந்து சமைத்தபோதும், மகளுக்கு ஊட்டியபோதும், தனக்குப் பரிமாறியபோதும் இவளுக்குள் இருந்த பசி. இப்போதுதான் வந்ததா இது? பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் இருந்திருக்கும். பிறந்தபோதே எடை குறைவு என்றாளே டீச்சர்!

"சரி, நான் போன் பண்ணுனனல்ல? அப்பவாவது ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமல்ல?"

வளர்மதி முதன்முறையாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். சிரிக்கிற மாதிரியும் இருந்தது, அழுகிற மாதிரியும் இருந்தது.

"சாப்பிட்டா நீங்க மறுக்கா போன் பண்ண மாட்டீங்களே."

அவன் தூங்கும் மகளைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்தான். அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தான். சட்டியின் அடியில் கொஞ்சம் சோறு, கரண்டியளவு பருப்பு. ஒரு முட்டை இருந்தது. பொரிக்கத் தெரியாமல் பொரித்தான். கருகிவிட்டது. தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்து எதிரே உட்கார்ந்தான்.

அவள் முதல் வாய் வைத்தாள். அவன் அடிவயிற்றில் இறுகியிருந்தது எதுவோ மெல்லத் தளர்ந்தது. அடுத்த வாய்க்குக் கதகதப்பாக ஒன்று பரவியது. அவள் தின்னத் தின்ன அவனுக்கு நிறைந்தது. பேசாமல் உட்கார்ந்து அதை அனுபவித்தான்.

"உப்புப் போடலீங்க" என்றாள் வளர்மதி.

"தின்னு" என்றான்.

பட்டைகளைத் திருப்பி வாங்கிப்போக டாக்டர் இர்ஃபானா அந்த வாரமே வந்தார். சாந்தாமணியும் கூட வந்தாள். வளர்மதி பயந்து கதவோரம் நின்றாள். செங்கோட்டுவேல் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். ஆராய்ச்சியைக் கெடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டான்.

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியில் இருந்தவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"காலையில ஆரம்பிச்சுச் சாயங்காலம்வரைக்கும் போற பசியா?"

"ஆமாங்க."

"குழந்தைங்களுக்கு அவ்வளவு நீளமான பசி இருக்காது. இதே மாதிரி நிறைய வீட்ல இருந்து வந்துச்சு. பட்டை பழுதுன்னு முடிவு பண்ணி, அந்த வீடுகளையெல்லாம் ஆராய்ச்சியில இருந்தே நீக்கிட்டோம்."

"எத்தனை வீடுங்க?" என்றாள் சாந்தாமணி.

"மூணுல ஒரு பங்கு."

உள்ளே மிதுனா ஒரு டம்ளரைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். வளர்மதி அப்போதுதான் வயிற்றிலிருந்து கழற்றி நீட்டிய பட்டையை டாக்டர் பையில் போடப் போனார். போடாமல் வளர்மதியின் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. ஆனா அவர் போன் பண்ணினா நீங்க சாப்பிடணும். சாப்பிட்டாலும் அவர் போன் பண்ணணும். சரிங்களா சார்?"

"பண்றனுங்க" என்றான் செங்கோட்டுவேல்.

டாக்டர் வாசலுக்குப் போய் ஜீப்பின் படியில் உட்கார்ந்து செல்போனை எடுத்தார். நீக்கிய வீடுகளில் ஒன்றைக் கூப்பிடுகிறார் என்று அவனுக்குப் புரிந்தது. மறுமுனையில் ஒரு பெண்குரல் பதற்றமாக எதையோ சொல்லத் தொடங்கியது. குழந்தை நன்றாக இருக்கிறது, மாவு கொடுக்கிறோம், எடை போட்டோம்.

"குழந்தை இருக்கட்டும்மா" என்றார் டாக்டர். "நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்தக் குரல் நின்றது. டாக்டர் போனைக் காதோடு வைத்தபடி காத்திருந்தார். பதில் வர வெகுநேரமாயிற்று.